பேர் சொல்லத் தெரியாத பிரயாணி

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்தும்போது நான் ஒரு பெரிய அறிவாளி என்பதாகச் சொல்லி விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் அதிகமாகப் படித்தவனல்ல. கையில் கிடைத்ததைப் படித்தும், கண்ணில் பட்டதைப் பார்த்தும், என் புத்திக்குச் சரியென்று தோன்றியதைச் சொல்லுகிறவன். ஆகையால், நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். இல்லையென்று பட்டால் தள்ளி விடுங்கள்.

இன்று நான் பேசப் போவது சாமி இருக்கிறதா இல்லையா என்கிற விஷயமல்ல. அதைவிடச் சின்ன விஷயந்தான். ஆனால் குழந்தைகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். காரில் அழைத்துக் கொண்டு போகும் சிறு குழந்தை ஒரு விபத்தில் அகப்பட்டுக் கொண்டால், அது யார் வீட்டுப் பிள்ளை, அதற்கு என்ன நோய் உண்டு, யாருக்குச் சேதி சொல்லுவது என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் தெரிந்து கொள்ளுவதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்? இதுதான் என் கேள்வி.

முன்னெல்லாம் நாம் மாட்டு வண்டியில் போனோம். வண்டி குடை சாய்ந்தாலும் பக்கத்து ஊர்க்காரன் ஓடி வந்து, "அடடே, இது இன்னார் பேரன் அல்லவா?" என்று தூக்கிக் கொண்டு போய்ச் சேர்ப்பான். இன்றைக்கு அப்படியா? காலையில் சென்னையில் பால் குடித்த குழந்தை மத்தியானத்துக்குள் திருச்சியைத் தாண்டி விடுகிறது. பொங்கலுக்கு ஊருக்கு, மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு, காது குத்துக்கு, மொட்டை போடுவதற்கு என்று ஒரு காரில் ஒரு குடும்பமே ஏறிக் கொள்ளுகிறது. நடு ராத்திரியில், பேர் தெரியாத ஊரின் எல்லையில், அந்தக் கார் லாரியின் பின்னால் போய் மோதுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓடி வருகிறவர்களில் யாருக்கு அந்தக் குழந்தையைத் தெரியும்?

நான் வீணாகப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். சர்க்கார் வெளியிட்ட கணக்கைச் சொல்லுகிறேன். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. செத்துப் போனவர்கள் 1,68,491 பேர். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 460 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் வாங்கிய மாகாணம் எது தெரியுமா? நம்முடைய தமிழ்நாடுதான். இங்கே மட்டும் 64,105 விபத்துகள். நாளொன்றுக்குச் சுமார் 175. இது எங்கோ யாருக்கோ நடப்பது என்று சொல்லிக் கொண்டு கண்ணை மூடிக் கொள்ளுவதற்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

குழந்தையைக் கேட்டால் தெரியாதா?

நிற்க, அப்படிப்பட்ட விபத்தில் பெரியவர்கள் நினைவு தப்பிக் கிடக்கிறார்கள். பின் சீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை அழுது கொண்டிருக்கிறது. ஓடி வந்தவர்கள் அதைத் தூக்குகிறார்கள்.

"உன் பேர் என்ன கண்ணு?"

"பாப்பா."

"அப்பா பேர்?"

"அப்பா."

"வீடு எங்கே இருக்கு?"

"அங்கே."

குழந்தை சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதை வைத்துக் கொண்டு டாக்டரும் போலீசாரும் என்ன செய்ய முடியும்? நாமோ குழந்தைக்கு நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, எழுத்துப் பார்த்து ஒரு பேரை வைக்கிறோம். வைத்த மறுநாளிலிருந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. குட்டி, செல்லம், தம்பி, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். ஆகவே தன் பேர் இன்னதென்று அந்தக் குழந்தைக்கே தெரிவதில்லை. நன்றாகப் பேசுகிற நான்கு வயதுக் குழந்தைகூட அந்த அடியிலும் பயத்திலும் வாய் திறக்காமல் விறைத்துப் போய்விடும். மயங்கிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

"ஆதார் இருக்கிறதே, கைரேகை வைத்தால் தெரிந்து விடாதா?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகையே எடுப்பதில்லை. தாய் தகப்பன் கணக்கோடு சேர்த்துப் படத்தை மாத்திரம் எடுத்து நீல நிற அட்டை கொடுக்கிறார்கள். "பள்ளிக்கூடத்து அட்டை கழுத்தில் தொங்குகிறதே" என்றால், அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, பள்ளிக்கூடம் இருக்கிற நாளில். நாம் காரில் ஊருக்குப் போவதோ லீவு நாளில். அட்டை அலமாரியில் ஆணியில் தொங்குகிறது. பிள்ளை ரோட்டில் கிடக்கிறது.

"செல்போனில் எல்லாம் இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கிற விரல் மயங்கிக் கிடக்கிறது. அல்லது போனே நொறுங்கிக் கிடக்கிறது.

இதன் பலன் என்ன? காயம்பட்டவர்களை ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள் என்ற நிச்சயமில்லை. அதிக அடிபட்ட தகப்பனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும், குழந்தையைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போக நேரிடும். யாரும் வராத குழந்தையை, சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். 2015-ம் வருஷத்துச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. அதில் குற்றம் ஒன்றுமில்லை, குழந்தைக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் அதே நேரத்தில் ஊரிலே பாட்டி வாசலில் உட்கார்ந்து, "ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர்களை இன்னும் காணோமே" என்று வழி பார்த்துக் கொண்டிருக்கிறாள். ஒரு போன் நம்பர் இல்லாமற் போனதுதான் இந்த இரண்டு பேருக்கும் இடையிலே இருக்கும் தூரம்.

இது கார் விபத்தில் மாத்திரம் வரும் சங்கடமல்ல. இலங்கையில் கல்முனை என்ற ஊரை நீங்கள் அறிவீர்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்தபோது, இடிபாட்டில் கிடந்த ஒரு கைக்குழந்தையை அங்குள்ள ஆஸ்பத்திரியில் கொண்டு வந்து சேர்த்தார்கள். பேர் தெரியாது. ஆகையால் எண் கொடுத்தார்கள்: 81. பெற்ற தாயும் தகப்பனும் வந்து "எங்கள் பிள்ளை" என்றார்கள். காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது; எல்லாவற்றையும் வெள்ளம் கொண்டு போய்விட்டது. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. மரபணுச் சோதனை செய்து, 2005 பிப்ரவரியில்தான் குழந்தை தாயின் கைக்கு வந்தது. ஏறக்குறைய ஏழு வாரம்! பெற்றவள் கண் முன்னால் பிள்ளை. வீட்டுக்குக் கொண்டு போக உரிமையில்லை. அடையாளம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டுமா?

நாம் கட்டி அனுப்புவது என்ன?

சரி, நாம் ஒன்றும் செய்யாமலா காரில் ஏற்றுகிறோம்? ஏராளமாகச் செய்கிறோம். கார் வாங்கினவுடன் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம் பழம் வைத்து நசுக்குகிறோம். பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து, பின்னால் வருகிற சைக்கிள்காரன் வழுக்கி விழுவதற்கு வழி செய்கிறோம். கண்ணாடிக்கு முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுகிறோம். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. கையில் கறுப்புக் கயிறு. இடுப்பில் தாயத்து.

இந்தத் தாயத்தை நீங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது? ஒரு செப்புத் தகடு. அந்தத் தகட்டில் என்ன இருக்கிறது? எழுத்துத்தான்! கட்டங்கள் போட்டு எழுத்துகளை எழுதி, சுருட்டி, குழாய்க்குள் போட்டு, அரக்கு வைத்து மூடி, "திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் பலிக்காது" என்று சொல்லிக் கொடுக்கிறான். ஆகவே குழந்தையின் உடம்பில் ஒரு சீட்டு எழுதிக் கட்ட வேண்டும் என்கிற யோசனை நமக்குப் புதிதல்ல. தலைமுறை தலைமுறையாகக் கட்டித்தான் வருகிறோம். ஆனால் ஒருவரும் படிக்க முடியாத சீட்டு! படிக்கவே கூடாது என்கிற சீட்டு! நான் கேட்பதெல்லாம், அதே இடுப்பில், அதே கயிற்றில், படிக்கக்கூடிய எழுத்தில், படித்தால் உபயோகப்படுகிற சங்கதியை எழுதிக் கட்டுங்கள் என்பதுதான். இதிலே என்ன நாஸ்திகம் இருக்கிறது?

சீட்டு இல்லாவிட்டால் வைத்தியம் நடக்காதா?

நடக்கும். அதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். சீட்டு இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் வாசலில் நிறுத்தக் கூடாது. அடிபட்டு வந்தவருக்கு, சர்க்கார் டாக்டரானாலும் தனி டாக்டரானாலும், போலீஸ் சடங்குகளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியம் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லி விட்டது. நம் மாகாணத்தில் 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2021 டிசம்பரில் ஆரம்பித்த திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்து வைத்தியச் செலவை, விதித்த தொகைக்குள், சர்க்காரே ஏற்கிறது. தூக்கிக் கொண்டு போய்ச் சேர்த்தவனைப் பிடித்து வைத்துக் கொண்டு தொந்தரவு செய்வதும் கூடாது. உச்ச நீதிமன்றம் 2016-ல் இதற்கு விதிகளை உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இது ஏறிவிட்டது. ஆகையால் ரோட்டில் ஒரு குழந்தை கிடந்தால் "நமக்கேன் வம்பு" என்று போக யாருக்கும் நியாயமில்லை.

அப்படியானால் சீட்டு எதற்கு? டாக்டர் எல்லாம் அறிந்தவரல்ல. உடைந்த எலும்பைப் படம் பிடித்துப் பார்ப்பார். ஆனால் இந்தக் குழந்தைக்கு இன்ன மருந்து ஒப்புக் கொள்ளாது என்பதை எந்தப் படத்தில் பார்ப்பார்? அதற்கு வலிப்பு உண்டு, தினம் மருந்து சாப்பிடுகிறது என்பதை யார் சொல்லுவார்கள்? வலிப்பு வந்தால், தலையில் அடிபட்டதால் வந்ததா, பழைய நோயா என்று அவர் திண்டாட வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக் கொள்ளும் குழந்தை, இருதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை, இரத்தம் உறையாத வியாதியுள்ள குழந்தை, இவைகளுக்கெல்லாம் தெரிந்து செய்கிற வைத்தியம் வேறு. தெரியாமல் செய்கிற வைத்தியம் வேறு. சட்டமே விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குப் பொன்னான நேரம் என்று பேர் வைத்திருக்கிறது. அந்த ஒரு மணியில் ஊகத்தில் போகும் ஒவ்வொரு நிமிஷமும் குழந்தையின் கணக்கில்தான் கழிகிறது.

மற்ற தேசத்தார் என்ன செய்தார்கள்?

1939-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி. இங்கிலாந்தில் யுத்த பயம். குண்டு விழும் பட்டணங்களிலிருந்து குழந்தைகளையும், கைக்குழந்தைக்காரிகளையும், இன்னும் சிலரையும் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மூன்று நான்கு நாட்களில் சுமார் 15 லட்சம் பேர். அதில் பெரும் பகுதி தாய் தகப்பனைப் பிரிந்து ரயிலேறிய பள்ளிப் பிள்ளைகள். அத்தனை பேரும் போய்ச் சேர்ந்ததற்கு அவர்கள் செய்த ஏற்பாடு என்ன? சாமான் மூட்டையில் கட்டுகிற சாதாரண அட்டைச் சீட்டில் பேரையும் பள்ளிக்கூடத்தையும் எழுதி, ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் கட்டி அனுப்பினார்கள். "பிள்ளை என்ன சாமானா?" என்று ஒருவரும் கௌரவம் பார்க்கவில்லை. சாமான் தொலைந்தால் தேட வழி வைக்கிற நாம், பிள்ளை தொலைந்தால் தேட வழி வைக்காமலிருப்பதுதான் கௌரவக் குறைவு.

1953-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஒரு டாக்டரின் மகளுக்கு விரலில் வெட்டுக் காயம். தனுர்வாதத்துக்கு மருந்து போடுமுன், ஒப்புக் கொள்ளுமா என்று பார்க்க ஒரு துளியைத் தோலில் வைத்துச் சோதித்தார்கள். அந்த ஒரு துளியிலேயே உயிர் போய்த் திரும்பிற்று. ஊசியே போட்டிருந்தால்? அதற்குப் பிறகு அந்தப் பெண் வெளியூர் போகும்போது, இன்ன மருந்து ஆகாது என்று காகிதத்தில் எழுதிக் கையிலும் சட்டையிலும் மாட்டி அனுப்பினார்கள். காகிதம் போய் வெள்ளிக் காப்பு வந்தது. 1956-ல் டாக்டர் மரியன் காலின்ஸும் அவர் மனைவியும் அதை ஊருக்கெல்லாம் செய்யும் ஸ்தாபனமாக ஆக்கினார்கள். அதுதான் மெடிக்அலர்ட். அவரே டாக்டர், அவர் மகளுக்கே சீட்டு வேண்டியிருந்தது. ஏனென்றால் டாக்டர் தகப்பன் எல்லா இடத்திலும் கூட இருக்க முடியாதல்லவா?

2005-ல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், செல்போனில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பருக்கு முன்னால் 'ஐஸ்' என்று மூன்று எழுத்துப் போட்டு வையுங்கள் என்று சொன்னார். ஆபத்து நேர்ந்தால் என்பதற்கு இங்கிலீஷில் சுருக்கம் அது. அந்த ஜூலையில் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த பிறகு அந்த யோசனை பல தேசங்களுக்கும் பரவிற்று. இப்போதோ, போனைத் திறக்காமலே பார்க்கும்படி அவசரத் தகவல் எழுதி வைக்க இடமே கொடுத்திருக்கிறார்கள். இங்கே எத்தனை தோழர்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. காரில் குழந்தையை உட்கார்த்திக் கட்டுகிற தனி ஆசனத்தின் இரண்டு பக்கத்திலும் திமிங்கிலப் படம் ஒட்டுவார்கள். "எங்களிடம் ஒரு சின்ன அவசரம்" என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் திமிங்கிலம் என்று வரும். படத்தைக் கண்ட மீட்புப் படைக்காரர் ஆசனத்தின் பின்னால் பார்ப்பார். அங்கே சீட்டு இருக்கும். வெளியில் அடையாளம் மாத்திரம், சங்கதி உள்ளே. இந்த முறையை நன்றாகக் கவனித்துக் கொள்ளுங்கள்.

சீட்டில் எழுத வேண்டியது

முதலாவது, குழந்தையின் பேர். வீட்டில் கூப்பிடும் பேரையும் எழுதுங்கள். அன்னிய முகங்களுக்கு நடுவில் அழுகிற குழந்தை, "குட்டிம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவது, பிறந்த தேதி. வயதை எழுதினால் அடுத்த வருஷம் பொய்யாகிவிடும், தேதி பொய்யாகாது. எடையையும், எடை பார்த்த தேதியையும் எழுதலாம். குழந்தைகளுக்கு மருந்தின் அளவு எடையைக் கொண்டுதான். 1980-களில் அமெரிக்க டாக்டர்கள், குழந்தையின் நீளத்தை அளந்து எடையை மதிப்பிட ஒரு நாடாவே செய்தார்களென்றால் அதன் அவசியத்தை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, தாய் பேர், தகப்பன் பேர் முழுதாக. நமக்கு இனிஷியல் ஓர் எழுத்து. நமக்குள் அது போதும்; ஆந்திராவிலோ கர்நாடகத்திலோ விபத்து நடந்தால், 'க.' என்பது கந்தனா, கண்ணனா, கலைச்செல்வியா என்று யாருக்குத் தெரியும்? "சாதிப் பட்டம் இருந்தால் கண்டுபிடிக்கலாமே" என்று ஒருவர் சொல்லக்கூடும். பட்டம் பல்லாயிரம் பேரைக் காட்டும். போன் நம்பர் ஒருவரைக் காட்டும். டாக்டருக்கு வேண்டியது எது? ஆகவே சாதி, கோத்திரம், ராசி, நட்சத்திரம் இவைகளுக்குச் சீட்டில் இடமில்லை. காயத்துக்குத் தையல் போடுகிறவர் ராசி பார்த்துப் போடுவதில்லை.

நான்காவதுதான் மிக முக்கியம். எல்லோரும் தவறுகிற இடமும் அதுதான். யாருடைய போன் நம்பரை எழுதுவது? "அப்பா நம்பர், அம்மா நம்பர்" என்று எழுதுவீர்கள். அப்பாவும் அம்மாவும் எங்கே இருக்கிறார்கள்? அதே காரில்! போலீசார் சீட்டைப் பார்த்து அந்த நம்பரைக் கூப்பிட்டால், மணி பக்கத்திலேயே, நசுங்கிய சீட்டுக்கு அடியிலே அடிக்கும். ஆகையால் காரில் வராத இருவருடைய நம்பர் வேண்டும். பாட்டி, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் யாரானாலும் சரி. குழந்தைக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இருவரிடமும் முன்னாடியே சொல்லி வையுங்கள். தெரியாத நம்பரிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் எடுக்க வேண்டும் என்று.

ஐந்தாவது, நோய், தினம் சாப்பிடும் மருந்து, ஒப்புக் கொள்ளாத மருந்து, ஒப்புக் கொள்ளாத ஆகாரம். ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், இல்லையா, எழுத மறந்தார்களா என்று தெரியாது. பார்க்கிற டாக்டரின் பேரும் நம்பரும் இருந்தால் இன்னும் நல்லது. காது கேளாத, பேச்சு வராத குழந்தையானால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

இரத்தப் பிரிவை எழுதலாம்; அதனால் தோஷமில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டு எல்லாம் ஆயிற்று என்று இருந்து விடாதீர்கள். சீட்டில் ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறது என்பதற்காக யாரும் அந்த இரத்தத்தை ஏற்றி விடமாட்டார்கள். சோதித்து, பொருத்தம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். இரத்தப் பிரிவைச் சோதனையில் கண்டுபிடிக்க முடியும். பாட்டியின் போன் நம்பரை எந்தச் சோதனையிலும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவையும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுங்கள். அடுத்த மாகாணத்தில் படிக்க வேண்டுமல்லவா? எழுதிய தேதியைப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள். மாறிப்போன நம்பர், இல்லாத நம்பரைவிட மோசம். இருக்கிறதென்று நம்பி நேரத்தைச் செலவழிக்கச் செய்யும்.

எங்கே வைப்பது?

குழந்தை ஆசனம் இருந்தால், அதன் முதுகுப் பக்கத்தில் நனையாத உறையில் போட்டு ஒட்டுங்கள். ஆசனம் என்றவுடன், "அது பணக்காரன் வீட்டுச் சாமான்" என்று நினைக்கிறீர்கள். விலை அதிகந்தான். ஆனால் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட் இல்லாமலோ குழந்தை ஆசனம் இல்லாமலோ காரில் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் சொல்லுகிறது. காது குத்துக்கு ஆயிரம் பேருக்குச் சோறு போட முடிகிறவர்கள் ஆசனத்துக்கு மாத்திரம் ஏழையாகி விடுவது என்ன நியாயம்?

வாடகைக் காரிலும் வேனிலும் போகிறவர்களுக்கு ஆசனம் கூடவே வராது. அவர்களுக்கும் வழி உண்டு. ஒரு துண்டுத் துணியில், நனைந்தாலும் அழியாத மையால் பேரும் இரண்டு நம்பரும் எழுதி, சட்டையின் உட்புறம் தைத்து விடுங்கள். நோயுள்ள குழந்தையானால் நோயையும் எழுதுங்கள். காலணா செலவில்லை. நம் குழந்தைகளுக்கு அரைஞாண் இருக்கவே இருக்கிறது. அதில் நம்பர் வெட்டிய மெல்லிய வெள்ளித் தகடு ஒன்றை, கூர்முனை இல்லாமல், வாயில் போட்டுக் கொள்ள முடியாதபடி இறுக்கமாகச் சேர்க்கலாம். டாக்டர் பார்க்கும்போது எப்படியும் சட்டையைக் களைவார். தகடு கண்ணில் படும்.

கழுத்தில் மட்டும் ஒன்றும் கட்டாதீர்கள். கயிறு எதிலாவது மாட்டி இறுக்கிக் கொள்ளும். கார்க் கண்ணாடியில், வெளியில் தெரியும்படி, குழந்தையின் பேரையோ நம்பரையோ எழுதாதீர்கள். பேரைத் தெரிந்து கொண்டு, "குட்டி, அப்பா கூப்பிடுகிறார் வா" என்று சொல்லும் அயோக்கியனும் உலகத்தில் இருக்கிறான். அதனால்தான் வெளியில் அடையாளம், உள்ளே சங்கதி என்றேன்.

அபசகுனமா?

இனி, நீங்கள் மனதுக்குள் வைத்துக் கொண்டிருக்கும் ஆட்சேபணைக்கு வருகிறேன். "புறப்படும்போதே விபத்து, ஆஸ்பத்திரி என்று எழுதுவது அபசகுனம் அல்லவா? வாயால் சொன்னால் பலித்து விடுமே" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். வாயால் சொன்னதெல்லாம் பலிக்குமானால், தினம் "நல்லாயிரு" என்று வாழ்த்துகிறோமே, நாட்டில் ஒருவராவது நோயில் கிடக்கலாமா? "நாசமாய்ப் போ" என்று திட்டுகிறோமே, ஒரு தெருவாவது மிஞ்சியிருக்குமா? வீட்டுக்குப் பூட்டுப் போடுவது திருடனை அழைப்பதாகுமா? குடை எடுத்துக் கொண்டு போனதால் மழை வந்தது என்று யாராவது சொல்லுவார்களா? காரோடு கூடவே ஐந்தாவது சக்கரம் ஒன்று வைத்துக் கொண்டுதானே போகிறீர்கள்? அது டயர் வெடிக்கும் என்று எதிர்பார்த்து வைத்ததுதானே? டயருக்கு வைத்தால் முன்யோசனை, குழந்தைக்கு வைத்தால் அபசகுனமா?

"ஆண்டவன் பார்த்துக் கொள்ளுவான்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். உங்கள் ஆண்டவனோடு இன்றைக்கு எனக்குச் சண்டையில்லை. அவர் பார்த்துக் கொள்ளட்டும்; ஆனால் 108 வண்டிக்காரர் படித்துப் பார்க்கவும் ஏதாவது இருக்கட்டும்.

சீட்டும் தாயத்தாகி விடக் கூடாது

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நம் ஜனங்களுக்கு எதையும் தாயத்தாக்கி விடுகிற சாமர்த்தியம் உண்டு. "சீட்டுக் கட்டியாயிற்று, இனிப் பயமில்லை" என்று மடியில் குழந்தையை வைத்துக் கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து 120 கிலோமீட்டர் வேகத்தில் போவீர்களானால், நான் இவ்வளவு நேரம் பேசியது வீண். சீட்டு விபத்தைத் தடுக்காது. அடிபடாமலும் காப்பாற்றாது. அந்த வேலை வேகத்தைக் குறைப்பதற்கும், பெல்ட்டுக்கும், குழந்தை ஆசனத்துக்கும், தூங்காத டிரைவருக்கும் உரியது. மோதின மறுகணம் மடியிலிருக்கும் பிள்ளையை எவ்வளவு பலசாலியான தகப்பனாலும் பிடித்து நிறுத்த முடியாது. பிள்ளை பின் சீட்டில், கட்டின ஆசனத்தில் இருக்கட்டும். எல்லா ஜாக்கிரதையும் செய்த பிறகும் நடந்து விடுகிறதே, அதற்குப் பிற்பாடு செய்ய வேண்டிய வேலைக்குத்தான் சீட்டு. தாயத்துக்கும் சீட்டுக்கும் இதுவே வித்தியாசம்: தாயத்து எல்லாம் செய்யும் என்று சொல்லி ஒன்றும் செய்யாது, சீட்டு ஒரே ஒரு வேலை செய்யும் என்று சொல்லி அதைச் செய்யும்.

ஆகவே தோழர்களே, இதற்குச் சங்கம் வேண்டாம், சந்தா வேண்டாம், தீர்மானம் வேண்டாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனவுடன் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இந்த வாசகசாலை வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். வருஷ விழாவுக்குத் தோரணம் கட்டுவதைவிட அது பெரிய விழா. ரோட்டில் தனியாக அழும் குழந்தையைக் கண்டால் 108-க்கும், துணையற்ற குழந்தையானால் 1098-க்கும் சொல்லுவதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். உங்கள் சீட்டை ஒரு நாளும் யாரும் படிக்க நேராமலே போகட்டும். அப்படிப் போனால் உங்களுக்கு நஷ்டம் ஒரு துண்டுக் காகிதம். படிக்க வேண்டிய நாளில் அது இல்லாமற் போனால் நஷ்டம் எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.